அவருக்குப் பதிலாக நான் பினாங்கு போனது

என் அண்ணனை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் எங்காவது நான் அவனுக்காக இரங்குவேன் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

அவன் திருநெல்வேலி டவுனில், எங்கள் அப்பா கட்டிய வீட்டில் இருக்கிறான். அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளர். எந்தக் காகிதத்தை எந்த மேசையில் வைத்தால் அது அசையாது என்பது அவனுக்கு மனப்பாடம். நான் பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். அப்பாவும் அம்மாவும் போன பிறகு எங்கள் இருவருக்கும் நடுவில் மிச்சம் இருப்பது ஆறும் அதன் மேல் ஒரு பாலமும்தான்.

என் கணவர் மலேசியாக்காரர். பினாங்கில் பிறந்து, அங்கே ஒரு தொழிற்சாலையில் ஏசி இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர். தாத்தாவின் ஊரைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர், முக்கூடலுக்குப் பக்கத்தில் வாடகை பைக்கோடு விழுந்து முழங்கால் சில்லை உடைத்துக்கொண்டார். அறுவை முடிந்து காலை மடக்கப் பழக்க வேண்டிய வேலை என்னிடம் வந்தது. மற்றவர்கள் வலித்தால் அழுவார்கள். இவர் வாக்கியத்தின் வாலில் பினாங்குக்காரர்களின் ‘லா’ சேர்த்து என்னைத் திட்டினார். நானும் திருப்பித் திட்டினேன். அப்படித்தான் ஆரம்பித்தது. அவர் ஊருக்குப் போய், திரும்பி வந்து, மறுபடி போய், கடைசியில் வேலையை விட்டுவிட்டு வந்தார். பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டோம்.

அவருடைய தாத்தா கப்பல் ஏறுவதற்கு முன்னால் எங்கள் ஆட்களின் வயல்களில் வேலை பார்த்தவர். அந்த வயல்கள் இப்போது எங்களிடம் இல்லை. பெரியப்பா காலத்திலேயே கைமாறிவிட்டன. வயல் போனாலும் வயல்காரன் என்ற நினைப்பு என் அண்ணனைவிட்டுப் போகவில்லை. கல்யாணத்துக்கு முன்தினம் போனில் கேட்டான்.

“ஏட்டி, நம்ம வயல்ல நாத்துப் பறிச்சவன் பேரனுக்கு நீ சோறு பொங்கிப் போடப் போறியா?”

“அவருதான் எனக்குப் பொங்கிப் போடப் போறாரு,” என்றேன்.

அது வாய்க்கு வந்த பதில் இல்லை, நிஜம். அவர் வந்த விசாவில் இங்கே வேலை பார்க்கக் கூடாது. நான் ஆஸ்பத்திரிக்குப் போவேன், அவர் சமைப்பார். எங்கள் தெருவுக்கு இது பெரிய வேடிக்கையாக இருந்தது. மாடியில் குடியிருந்த வீட்டுக்காரர், பலசரக்குக் கடை அண்ணாச்சி, எங்கள் வீட்டுக் கொடியில் என் சேலையை என் கணவர் காயப்போடுவதைப் பார்த்த நாளிலிருந்து அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்.

விசாவின் காலம் முடியும் முன்பே, மனைவியோடு தங்கியிருக்க அனுமதி நீட்டிக்க வேண்டும் என்று விண்ணப்பித்தோம். விண்ணப்பம் போய் உட்கார்ந்துகொண்டது. பழைய விசா முடிந்தது. புதியது வரவில்லை. பரிசீலனையில் இருக்கும்வரை அவர் இங்கே இருக்கலாம், தப்பில்லை. ஆனால் நாட்டைவிட்டு வெளியே போவதானால் அதற்குத் தனியாக அனுமதி வாங்க வேண்டும். போய்விட்டால் இந்த விண்ணப்பம் அதோடு முடிந்தது. அங்கே போய் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எத்தனை மாதம், கிடைக்குமா கிடைக்காதா, யாரும் சொல்ல மாட்டார்கள்.

அந்தச் சித்திரையில்தான் பினாங்கில் அவருடைய அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. இடது பக்கம் இழுத்துவிட்டது, உயிருக்கு ஆபத்தில்லை, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று அவருடைய தங்கை அழுதுகொண்டே சொன்னாள். அவர் போனை வைத்துவிட்டு அலமாரியைத் திறந்து சட்டைகளை எடுக்க ஆரம்பித்தார்.

“நான் போறேன் லா.”

“போனா திரும்பி வர முடியாது.”

“என் அம்மா அங்க விழுந்து கெடக்கறாங்க.”

“தெரியுது. போனா எப்போ திரும்பி வருவீங்கன்னுதான் கேக்குதேன்.”

“அப்ப காகிதம் முக்கியம். அம்மா செத்தா பரவால்ல?”

“நான் அப்படிச் சொல்லல.”

“வேற எப்படிச் சொன்ன?”

அதற்குப் பிறகு பேசியதை எழுத எனக்கு விருப்பமில்லை. இருவருமே கத்தினோம். அவர் கையிலிருந்த பெட்டியைச் சுவரோடு எறிந்தார். மேலேயிருந்து அண்ணாச்சி ஜன்னல் வழியாக, “இது குடும்பம் இருக்கிய வீடா, சந்தக்கடையா?” என்று கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து நான் சொன்னேன், “உங்களுக்குப் பதிலா நான் போறேன். அவங்களுக்கு இப்போ வேண்டியது பக்கவாதம் வந்தவங்களை நடக்க வைக்கத் தெரிஞ்ச ஆள். அது நீங்க இல்ல, நான்.”

“நீ அவங்களுக்கு யாரு?” என்றார்.

கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. கேள்வி சரியானதுதான். அவருடைய அம்மா எங்கள் கல்யாணத்துக்கு வரவில்லை, வாழ்த்தவில்லை, என் குரலைக் கேட்டால் போனைத் தங்கையிடம் கொடுத்துவிடுவார்.

ஆஸ்பத்திரியில் சண்டை போட்டு விடுமுறை வாங்கிக்கொண்டு திருச்சிக்குப் பஸ் ஏறினேன். மலேசியாவில் ஒரு மாதம் இருந்துவிட்டு வர எனக்கு விசாவே வேண்டாம். பினாங்கு விமான நிலையத்தில் என் முகத்தைக்கூடக் குடிவரவு அதிகாரி சரியாகப் பார்க்கவில்லை, முத்திரை குத்தி அனுப்பிவிட்டார். பிறந்த ஊருக்குப் போக என் கணவர் பயந்துகொண்டு பாளையங்கோட்டையில் உட்கார்ந்திருக்க, அந்த ஊரை வரைபடத்தில் மட்டுமே பார்த்த நான் தோள்பையை மாட்டிக்கொண்டு உள்ளே நடந்து போனேன். எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. எல்லார் மேலும்.

அடுக்குமாடி வீடு. தங்கை கதவைத் திறந்தாள். என் மாமியார் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். இடது கை மடியில், வேறு யாருடையதோ போலக் கிடந்தது. வாய் கொஞ்சம் கோணியிருந்தது. சொற்கள் குழறினாலும் புரிந்தன.

“அவன் எங்க?”

“அவரால வர முடியல, அத்தை. அங்கன அனுமதிக் காகிதம் இன்னும் வரல.”

“நான் ஒனக்கு அத்தை இல்ல.” முகத்தைத் திருப்பிக்கொண்டார். “அவன அங்க கட்டிப் போட்டுட்டு நீ வந்து நிக்கிற.”

குனிந்து அவருடைய இடது பாதத்தைக் கையில் எடுத்தேன். வலது கையால் என் தலையில் ஓங்கி அடித்தார். வலது பக்கம் நல்ல பலத்தோடு இருக்கிறது என்பதை அப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

முதல் வாரம் முழுக்க அதே கதை. நான் தொட்டால் அடிப்பார். நான் செய்த கஞ்சியைக் குடிக்க மாட்டார். தங்கை வேலைக்குப் போன பிறகு என்னோடு தனியாக இருக்க வேண்டியிருப்பதால், குளியலறைக்குப் போவதைக்கூட அவள் வரும்வரை அடக்கிவைத்துக்கொண்டு இருந்தார். ஆஸ்பத்திரியில் இப்படிப்பட்ட நோயாளிகளைப் பார்த்திருக்கிறேன். அங்கே அவர்கள் மேல் கோபம் வராது, சம்பளம் வாங்குகிறோம். இங்கே எனக்கு வந்தது. ஒரு நாள் பொறுக்க முடியாமல், தங்கையை நாற்காலிக்குப் பின்னால் நிற்கச் சொல்லிவிட்டு, எட்டாத தூரத்தில் போய் நின்றேன்.

“அடிக்கணும்னா எந்திரிச்சு வாங்க,” என்றேன். “உக்காந்துகிட்டு அடிக்கிறது என்ன வீரம்?”

தங்கைக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிழவி என்னை முறைத்தார். பிறகு வலது கையை நாற்காலியில் ஊன்றி எழுந்தார். இடது முழங்கால் மடங்கப் போனது. நான் பாய்ந்து போய் என் முழங்காலால் அதை முட்டுக் கொடுத்து நிறுத்தினேன். அப்போதும் அவர் அடிக்க மறக்கவில்லை. ஆனால் நின்றுகொண்டு அடித்தார்.

அதன் பிறகு வேலை நடந்தது. சமாதானமாக இல்லை, சண்டையாகவே நடந்தது. நான் பாதத்தை எடுத்து வைக்கச் சொல்வேன், அவர் என் குலத்தைத் திட்டிக்கொண்டே எடுத்து வைப்பார். ஒரு நாள் நான் தரையில் உட்கார்ந்து அவருடைய கணுக்காலை நீவிக்கொண்டிருந்தபோது சொன்னார்:

“என் மாமனாரு அந்த ஊரு தெருவுல செருப்பு போட்டு நடக்க முடியாம கப்பல் ஏறுனவரு. அந்தத் தெருக்காரி இப்ப என் காலப் புடிக்கிறா.”

அதைச் சொன்னபோது அவருடைய கோணிய வாயில் ஒரு திருப்தி இருந்தது. எனக்குச் சுருக்கென்றது.

“பிடிக்கத்தான் வந்திருக்கேன். நல்லா நீட்டுங்க,” என்றேன்.

ஊன்றுகோலோடு அவர் கூடத்தைக் கடக்க ஆரம்பித்த வாரத்தில் என் கணவர் போன் செய்தார். குரலே சரியில்லை.

“விசா விஷயமா போலீஸ் ஏட்டு ஒருத்தர் விசாரணைக்கு வந்தாரு. நீ எங்கன்னு கேட்டாரு. அம்மாவப் பாத்துக்கப் போயிருக்கான்னு சொன்னேன். சிரிச்சாரு. மாமியாருக்கு முடியலன்னா மருமக மட்டும் கடல் தாண்டிப் போவாளா, மகன் இங்கன சோறாக்கிட்டு இருப்பானான்னு கேட்டாரு.”

“நீங்க டிக்கெட்டைக் காட்ட வேண்டியதுதானே?”

“காட்டுனேன். அதுக்கு முன்னாலயே ஒங்க அண்ணன் வீட்டுக்குப் போயிட்டு வந்திருக்காரு. ஒன் பாஸ்போர்ட்ல அந்த விலாசம்தான இருக்கு. நாம ரெண்டு பேரும் சேந்து இல்ல, நீ எங்க போனன்னு தெரியாதுன்னு ஒங்க அண்ணன் எழுதிக் கையெழுத்தே போட்டுக் கொடுத்திருக்காரு. பொய்க் கல்யாணம்னு முடிவு பண்ணிட்டா என்னை அனுப்பிருவாங்க.” பிறகு சொன்னார், “நீ போகாம நான் வந்திருக்கலாம். எப்படியும் அனுப்பத்தான் போறாங்க.”

அவருடைய அனுமதி கெட்டுவிடக் கூடாது என்று நான் செய்த பயணமே அந்த அனுமதிக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. மறுநாளே கிளம்புவதற்கு ஏற்பாடு செய்தேன். மாமியாரிடம் காரணத்தைச் சொன்னேன். அவர் ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு என் பின்னாலேயே வாசல்வரை வந்தார்.

“போ, போ. பாதியில விட்டுட்டு ஓடத்தான வந்த.”

அதைச் சொல்வதற்காக யார் கையையும் பிடிக்காமல் வாசல்வரை நடந்து வந்திருக்கிறார் என்பதை அவர் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

திருநெல்வேலியில் இறங்கியதும் வீட்டுக்குப் போகவில்லை. பெட்டியோடு ஆட்டோ பிடித்து நேராக டவுனுக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை. அண்ணன் முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். மதினி ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். “நீ உள்ள போ,” என்று அவளை அனுப்பிவிட்டு, பேப்பரை மடிக்காமலே என்னைப் பார்த்தான்.

“வந்துட்டியா? பரவாயில்லையே.”

“என்ன எழுதிக் குடுத்த?”

“நெசத்தத்தான் எழுதிக் குடுத்தேன். தங்கச்சி எங்கன்னு கேட்டான். எனக்குத் தெரியாதுன்னேன். நீ எங்கிட்டச் சொல்லிட்டாப் போன?”

“சேந்து இல்லன்னு சொன்னியே?”

“அவன் ஒத்தையில இருந்தான். நீ எங்கயோ இருந்த. அதுக்குப் பேரு சேந்து இருக்கதா? நான் சர்க்கார் உத்தியோகஸ்தன். பொய் சொல்ல முடியுமா?”

“கல்யாணத்தைப் பத்தி என்ன சொன்ன?”

“நான் பாக்கலன்னேன். பாக்கலதான?”

ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. எல்லாவற்றையும் சேர்த்தால் பொய். அலுவலகத்தில் இத்தனை வருடம் அவன் கற்றுக்கொண்டது இதுதான். கையிலிருந்த பெட்டியைத் தரையில் இறக்கி வைத்தேன். அவனுக்கு அது ஜெயித்த மாதிரி இருந்திருக்க வேண்டும். குரலை இறக்கினான்.

“ஏட்டி, அவன் போனாப் போறான். நீ இங்கன வந்து இருந்துக்கிடு. மேல ரூமு சும்மாத்தான் கெடக்கு. நான் ஒன்னய விட்டுருவனா?”

அதை அவன் மனதாரத்தான் சொன்னான். அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது. என் குடும்பத்தைக் கலைத்துவிட்டு, ஒதுங்க ஓர் அறை கொடுத்து, அதைப் பாசம் என்று நம்புகிறான்.

“நான் ஒத்தையில வந்து உன் வாசல்ல நிக்கணும்னு ஆசைப்படுத,” என்றேன். “இனி உன் வீட்டுல யாரு செத்தாலும் எனக்குச் சொல்லி விடாத.”

“அப்ப நீ செத்தா?”

“எனக்குக் கொள்ளி வைக்க அவரு இருப்பாரு.”

மதினி உள்வாசலில் செம்போடு அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.

மறுநாள் கணவரும் நானும் ஏட்டைப் போய்ப் பார்த்தோம். நடுத்தர வயது மனிதர், கெட்டவர் இல்லை, ஆனால் எங்களை நம்புவதால் அவருக்கு ஒரு லாபமும் இல்லை. “கூடப்பொறந்தவரு எழுதிக் குடுத்திருக்காரும்மா. நீங்க இல்லங்கீய. அக்கம்பக்கத்துல யாராவது வந்து சொல்லட்டும், எழுதிக்கிடுதேன்,” என்றார்.

எதிர்வீட்டு அம்மாள், “போலீசு விவகாரத்துக்கெல்லாம் எங்க வீட்டுல விட மாட்டாவ,” என்று கதவைச் சாத்திக்கொண்டாள். மிச்சம் இருந்தது மாடி வீட்டு அண்ணாச்சி. அவரிடம் போனபோது நான் கேட்பதற்கு முன்னால் அவரே சொன்னார், வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று. அவருடைய வீட்டு வாசலில் போலீஸ்காரர் செருப்பைக் கழற்றியது அவர் வாழ்நாளில் அதுதான் முதல் தடவையாம்.

“காலி பண்ணுதோம், அண்ணாச்சி,” என்றேன். “ஆனா அவருக்கு அனுமதி வந்தாத்தான் வேற வீடு பாக்க முடியும். அவரை அனுப்பிட்டா நான் ஒத்தப் பொம்பள, எனக்கு யாரு வீடு குடுப்பா? நான் இங்கனதான் இருப்பேன்.”

அண்ணாச்சி நன்றாக யோசித்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

ஏட்டு அவரை உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை.

“எனக்கு இவங்க ரெண்டு பேரையும் பிடிக்காது,” என்று ஆரம்பித்தார். என் கணவர் என் கையைப் பிடித்தார். “அதை மொதல்ல எழுதிக்கிடுங்க. ஆனா புருசன் பொண்டாட்டிதான் வே. அதுல சந்தேகமே வேண்டாம். காலம்பற ஏழரைக்கு ஆரம்பிச்சா இந்தம்மா வேலைக்குப் போறது வரைக்கும் சண்ட. சாம்பார்ல உப்பு இல்லன்னு ஒரு சண்ட, சேலையில சாயம் ஒட்டிட்டுன்னு ஒரு சண்ட. இந்தம்மா ஊருக்குப் போன பெறகும் விடல. போன்ல சத்தம் போட்டுக்கிட்டே இருந்தான் இந்த மனுசன். தாயாரு காலு கையி எப்படி இருக்கு, சோறு திங்காளான்னு கேட்டு அதுலயும் சண்ட. பொய்க் கல்யாணம் பண்ணுனவன் இவ்வளவு பாடுபடுவானா? நான் கட்டுனவ கூடயே நான் இவ்வளவு பேசுனது கெடயாது.”

ஏட்டு சிரிக்காமல் இருக்க முயன்று, முடியாமல், குனிந்து எழுதினார். உப்பையும் சாயத்தையும்கூட எழுதினாரா என்று தெரியவில்லை.

உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. ஆனி போய், ஆடியில் ஆறு நிறைந்து, அதுவும் வடிந்த பிறகுதான் அனுமதி வந்தது. போய்விட்டுத் திரும்பி வரலாம் என்று அதிலேயே இருந்தது. அவர் அதைப் படித்துவிட்டுச் சந்தோஷப்படவில்லை. “இப்ப வந்து என்ன லா,” என்றார். அந்த வாரமே பினாங்குக்குக் கிளம்பினார்.

அங்கிருந்து போன் செய்தார். அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கியிருக்கிறார். பாதிப் படியில் அம்மா நின்று, “அவளுக்குப் புடிக்கத் தெரிஞ்ச மாதிரி ஒனக்குத் தெரியல, விடு,” என்று மகனின் கையை உதறிவிட்டாராம். என் கணவருக்கு அது பெரிய அவமானம். நான் சிரித்தேன். அதற்கும் சண்டை வந்தது.

அண்ணாச்சிக்குச் சொன்னபடி வீட்டைக் காலி செய்தோம். இப்போது இருக்கும் வீட்டின் சுவர்கள் கனமானவை, யாருக்கும் ஒன்றும் கேட்காது. சண்டை வந்தால் என் கணவர் இன்றைக்கும் கடைசியாக எடுக்கும் ஆயுதம் ஒன்றுதான்: “என் அம்மா விழுந்தப்ப நான் அங்க இல்ல.” நான் போனது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். சரி என்பதால் அவருக்கு ஆறிவிடுமா?

அண்ணனை அதன் பிறகு நான் பார்க்கவில்லை. அவன் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. பத்திரிகை வரவில்லை. வந்திருந்தாலும் போயிருக்க மாட்டேன்.

போன மாதம் ஜங்ஷனில் மதினியைப் பார்த்தேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத்தான் பக்கத்தில் வந்தாள். அண்ணனுக்குத் தோள் இறுகிவிட்டதாம். சட்டை மாட்ட முடியவில்லை, தலை சீவ முடியவில்லை.

“வாரத்துக்கு ரெண்டு நாளு நாகர்கோவிலுக்குப் போயிட்டு வாராவ,” என்றாள். “பஸ்ஸுல போயிட்டு வந்தா வலி கூடத்தான் செய்யுது.”

“ஏன், இங்கன ஆஸ்பத்திரியே இல்லையா?”

“இருக்கு. எல்லாரும் ஒங்க ஆஸ்பத்திரியத்தான் சொல்லுதாவ.” என் முகத்தையே பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தாள்.

“நாகர்கோவில்ல நல்ல ஆளுக இருக்காங்க, மதினி,” என்றேன். “விடாமப் போகச் சொல்லுங்க.”

டவுன் பஸ் வந்தது. கூட்டத்தில் முண்டிக்கொண்டு ஏறினாள். நான் என் பஸ்ஸுக்காக எதிர்ப்பக்கம் போய் நின்றேன்.